கல் காய்ந்ததா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் எங்கள் மொட்டை மாடியில் இருக்கும் கேஸ் பீட்சா அடுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மகள் வாங்கி அனுப்பியது. கூரியர் தம்பி அதை மூன்று மாடி தூக்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுக்குள்ள என்னங்கய்யா, அம்மிக்கல்லா?" என்று கேட்டதையும் எழுதியிருந்தேன். அப்படி ஒன்றும் தவறாகக் கேட்கவில்லை அவர், உள்ளே கல்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சமையல்காரன் இல்லை. கோவையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் 31 வருடம் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது வார்ப்புகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் வேலை, பார்த்தவன். அதனால் என் பதில்களில் ருசியைவிட நெருப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, அடிப்பக்கம் கரி. மேலே சீஸ் சரியாக உருகவே இல்லை. மூன்று தடவையும் இதே கதை. அடுப்பில் கோளாறா? – திருச்சி வாசகி

அடுப்பு பாவம், விட்டுவிடுங்கள் அம்மா. உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயம் இருக்கிறது. மாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டிருக்கிறீர்கள். "நன்றாகக் காயட்டும் என்று முக்கால் மணி நேரம் முழுத் தீயில் விட்டேன், பீட்சாவை உள்ளே வைத்ததும் பயந்துபோய் அடியோடு குறைத்துவிட்டேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சர்க்கரை போடச் சொல்லும் செய்முறைகள் ஓ.டி.ஜி. என்கிற வீட்டு மின்சார அடுப்புக்கு எழுதியவை. அங்கே 230, 250 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வேகும்; ஓரம் சிவக்க சர்க்கரை உதவும். உங்கள் கல் 400 டிகிரிக்கு மேல் போயிருக்கும். அந்தச் சூட்டில் சர்க்கரை சிவந்துகொண்டு நிற்காது, நேரே கரிதான். எண்ணெயும் அப்படியே. பீட்சாவின் சொந்த ஊரான இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர்கள் மாவில் மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்று நாலே பொருளோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

இரண்டாவதுதான் முக்கியம். இந்த அடுப்புக்குள் இரண்டு சூடு இருக்கிறது. கீழே கல், அது சேர்த்து வைத்திருக்கும் சூட்டை மாவுக்குத் தொட்டுக் கொடுக்கிறது. மேலே தீ, பின்பக்கத்திலிருந்து கிளம்பி கூரையை நக்கிக்கொண்டு முன்னால் வருகிறது; சீஸையும் ஓரத்தையும் அதுதான் வேக வைக்கிறது. மேல் சூட்டுக்கு உங்கள் கையில் திருகு இருக்கிறது. கீழ்ச் சூட்டுக்குத் திருகு கிடையாது, நேரம்தான். முக்கால் மணி நேரம் கல்லுக்குச் சூட்டை ஊட்டிவிட்டு, வேக வைக்கும் நேரத்தில் மேல் சூட்டைப் பிடுங்கிக்கொண்டீர்கள். கீழே தீய்ந்து மேலே பச்சையாக இருக்காமல் வேறு என்ன செய்யும்?

அடுத்த தடவை சர்க்கரையை விடுங்கள். முழுத் தீயில் 25 நிமிடம் கழித்துக் கல்லின் நடுவில் சூடு பாருங்கள் (எதை வைத்துப் பார்ப்பது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்). 350க்கும் 380க்கும் நடுவில் இருந்தால் மாவை உள்ளே விடலாம். 430ஐத் தாண்டியிருந்தால் தீயைக் குறைத்து நாலைந்து நிமிடம் சும்மா இருங்கள், அதுவே இறங்கும். ஈரத் துணியால் ஒற்றி இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம், ஏன் என்று கீழே தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். பீட்சா உள்ளே போனதும் தீயைப் பாதிக்கு வையுங்கள், அடியோடு குறைக்காதீர்கள். கடைசிப் பதினைந்து விநாடியில் மேலே நிறம் போதவில்லை என்றால் திருகைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

எனக்கு நேர் எதிர். நாற்பதே விநாடியில் மேலே கருகிவிட்டது, அடியில் வெள்ளையாக, ஈர மாவாக ஒட்டிக்கொண்டு நின்றது. அட்டைப்பெட்டியில் '15 நிமிடத்தில் தயார்' என்று போட்டிருந்ததே? – சேலம் வாசகர்

பெட்டிமேல் இருக்கும் நிமிடத்தை நம்பாதீர்கள் தம்பி. பதினைந்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் காற்று சூடாகிவிடும், கல்லின் மேல்தோல்கூடச் சூடாகிவிடும். கல்லின் வயிறு சூடாகியிருக்காது. எங்கள் தொழிலில் இதற்கு சோக்கிங் என்று பெயர். வார்ப்பை உலையில் வைத்து 550 டிகிரி வந்துவிட்டது என்று மீட்டர் காட்டினால், கதவைத் திறந்துவிட மாட்டோம். ஒரு இன்ச் தடிமனுக்கு ஒரு மணி நேரம் அப்படியே ஊற விடுவோம். மீட்டர் காட்டுவது உலையின் சூடு, இரும்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு கதை.

பீட்சா கல் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஒரு மணி நேரம் எல்லாம் வேண்டாம், 25 முதல் 30 நிமிடம் போதும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து 'சொய்' சத்தம் கேட்டுத்தானே மாவு ஊற்றுகிறோம். இங்கே தெளிக்கக் கூடாது, அதனால் தொடாமலே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 550 டிகிரி வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானவை 380இல் நின்றுவிடும். கல்லை மட்டும் குறி வையுங்கள். பளபளக்கும் ஸ்டீலை நோக்கிப் பிடித்தால் தப்பான எண் காட்டும். நடுவில் ஒன்று, பின்னால் தீயின் அருகே ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று என்று மூன்று இடத்தில் பாருங்கள். என் அடுப்பில் பின்னுக்கும் முன்னுக்கும் 80 டிகிரி வித்தியாசம். பீட்சாவைச் சுற்றிச் சுற்றித் திருப்புவது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்துப் பார்த்த துப்பாக்கி உதவுமா என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அது மனுஷக் காய்ச்சலுக்கானது ஐயா. 43 டிகிரிக்குமேல் அதற்கு எண்ணத் தெரியாது.

இன்னொன்று. முதல் பீட்சா நன்றாக வந்து இரண்டாவது அடிவேகாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள். முதல் மாவு கல்லின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுத் தீயில் மூன்று நான்கு நிமிடம் கல்லைக் காய விடுங்கள். விருந்தாளிகள் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும்.

மரப் பலகையிலிருந்து கல்லுக்குப் பீட்சாவைத் தள்ளும்போது ஒட்டிக்கொண்டு மடங்கிவிடுகிறது. ஏதாவது சூட்சுமம் உண்டா? – மதுரை வாசகி

என் முதல் பீட்சாவின் கதையைச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். மாமன், மச்சான், பேத்தி எல்லோரும் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மாவை விரித்து, சாஸ் தடவி, சீஸ் தூவி, குடைமிளகாயைப் பூப்போல் அடுக்கி, எல்லோரும் போட்டோ எடுக்கட்டும் என்று நாலு நிமிடம் பலகையை ஏந்திக்கொண்டு நின்றேன். பிறகு தள்ளினேன். மாவு நகரவில்லை. ஓங்கித் தள்ளினேன். மேலே இருந்தது எல்லாம் கல்லுக்குப் போயிற்று, மாவு பலகையிலேயே தங்கிவிட்டது. சீஸ் கல்லில் கொதித்துப் புகைந்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பேத்தி சொன்னாள், "தாத்தா, பீட்சாவோட ஆவி மட்டும் உள்ள போயிடுச்சு."

என் தப்பு அந்த நாலு நிமிடம்தான். மாவு பலகையில் உட்கார்ந்த கணத்திலிருந்து சாஸின் ஈரத்தைக் குடித்துப் பலகையில் ஒட்ட ஆரம்பிக்கிறது. அதனால் மேலே போட வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே கிண்ணங்களில் எடுத்து வைத்துக்கொண்டு, கல் காய்ந்த பிறகு மாவை விரியுங்கள். விரித்ததிலிருந்து உள்ளே போவது வரை ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இடையிடையே பலகையை ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். பீட்சா வழுக்கினால் சரி. ஒரு மூலை ஒட்டினால், அந்த மூலையைத் தூக்கி அடியில் கொஞ்சம் மாவு தூவுங்கள்.

தூவுவதற்கு நான் சிரோட்டி ரவையும் (பொடி ரவைதான்) மைதாவும் பாதிப் பாதி கலந்து வைத்திருக்கிறேன். ரவை குட்டிக் குட்டி உருளைபோல வேலை செய்யும். ஆனால் அள்ளிக் கொட்டாதீர்கள். கல்லில் சிந்தும் மாவு கருகி அடுத்த பீட்சாவின் அடியில் கசப்பாக ஒட்டும். மர பலகை தள்ளுவதற்கு நல்லது. திருப்புவதற்கு ஏழெட்டு இன்ச் வட்டத்தில் சின்ன இரும்புத் தட்டு விற்கிறார்கள், அது தனியாக வேண்டும். முதல் மாதம் நான் தோசைத் திருப்பியை வைத்து ஒப்பேற்றினேன். கை முடி எல்லாம் பொசுங்கிப்போனது.

உள்ளே போன உடனே திருப்பாதீர்கள். இருபது, இருபத்தைந்து விநாடி பொறுத்தால் அடி இறுகிக் கல்லை விட்டு வரும். அதற்கப்புறம் பதினைந்து விநாடிக்கு ஒரு கால் வட்டம்.

மாவு அளவு சொல்லுங்கள். நீங்கள் இத்தாலிய மாவு வாங்குகிறீர்களா? சென்னை வெயிலில் என் மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. – வேளச்சேரி வாசகர்

நைசாக அரைத்த இத்தாலிய 'டபுள் ஜீரோ' கோதுமை மாவு இரண்டு பாக்கெட் வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. விலையைப் பார்த்த பிறகு மைதாவுக்குத் திரும்பிவிட்டேன். பாக்கெட்டின் பின்னால் நூறு கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 11 கிராமும் அதற்கு மேலும் இருப்பதை எடுங்கள். ஒன்பது, ஒன்பதரை என்றால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், விரிக்கும்போது கிழிந்துவிடும்.

நாலு பீட்சாவுக்கு என் அளவு: மைதா 620 கிராம், ஃபிரிட்ஜ் தண்ணீர் 370 கிராம், உப்பு 16 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு கிராம். ஆமாம், ஒரே ஒரு கிராம். ஆன்லைனில் நகை நிறுக்கும் குட்டித் தராசு கிடைக்கிறது, இந்த ஒரு கிராமுக்காகவே அதை வாங்கினேன். உங்கள் மாவு பொங்கி வழிவதற்குக் காரணம், பத்துப் பதினைந்து டிகிரி குளிரும் ஊர்க்காரர்கள் எழுதிய ஒரு ஸ்பூன் ஈஸ்ட் கணக்கை 34 டிகிரியில் போட்டதுதான். ஈஸ்டுக்கு நம் ஊர் வெயில் திருவிழா மாதிரி. தண்ணீரைச் சில்லென்று எடுப்பதும் அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான்.

பிசைந்து, இருபது நிமிடம் மூடி வைத்து, மறுபடி இரண்டு நிமிடம் பிசையுங்கள். அந்த இடைவெளியில் மாவு தானாகவே வழவழப்பாகிவிடும், தோளுக்கு வேலை மிச்சம். வெளியே இரண்டு மணி நேரம். பிறகு 250 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, லேசாக எண்ணெய் தடவிய டப்பாவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து மூடி, ஃபிரிட்ஜில் ஒரு நாள். இரண்டு நாள் ஆனாலும் நல்லதுதான், ருசி கூடும். ஓரத்தில் சிறுத்தைத் தோல்போலக் கருகிய புள்ளிகளும் அப்போதுதான் அழகாக விழுகின்றன. சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். சில்லென்ற மாவை விரித்தால் ரப்பர்போலச் சுருங்கிச் சுருங்கி வரும், கோபம் வரும், சப்பாத்திக் கட்டையைத் தேடுவீர்கள். கட்டை வேண்டாம். உருட்டினால் ஓரத்தில் இருக்கும் காற்று எல்லாம் வெளியேறிவிடும். நடுவிலிருந்து விரல் நுனியால் அழுத்தி, ஒரு இன்ச் ஓரத்தைத் தொடாமல் விரியுங்கள்.

மாவின் எடையில் தண்ணீர் 70 சதவீதம் ஊற்று, 75 ஊற்று என்று யூடியூபில் போட்டி போடுகிறார்கள். முதல் பத்துத் தடவை 60ஐத் தாண்டாதீர்கள். அதேபோல '60 விநாடியில் பீட்சா' என்ற பெருமையும் இப்போதைக்கு வேண்டாம். கல் 330 டிகிரி, பாதித் தீ, இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் தப்பைப் பார்த்துத் திருத்தக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து தம்பி கொண்டுவந்த அடுப்பு. வீட்டுச் சிலிண்டரில் மாட்டலாமா? எங்கள் ஊர் மெக்கானிக் 'ஹை பிரஷர் ரெகுலேட்டர் போட்டால் பறக்கும்' என்கிறார். – கரூர் வாசகர்

பறக்கும். அடுப்பும் பறக்கும், நீங்களும் பறப்பீர்கள். அந்த மெக்கானிக்கை மொட்டை மாடிப் பக்கமே விடாதீர்கள்.

அடுப்பின் அடியில் அல்லது பின்னால் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எந்த கேஸ், எத்தனை மில்லிபார் அழுத்தம் என்று அதில் இருக்கும். ஊருக்கு ஊர் அது மாறும், 30, 37, 50 என்று. நம் வீட்டு ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் கொடுக்கிறது. வெளிநாட்டில் பல இடங்களில் தனி புரொப்பேன். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. தகட்டில் இருக்கும் கேஸும் அழுத்தமும் இங்கே கிடைப்பதோடு பொருந்தாவிட்டால், அடுப்பு செய்த கம்பெனியிடம் இந்தியாவுக்கான ஜெட், அதாவது கேஸ் வரும் துளை உள்ள உதிரிபாகம், உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை ஷோகேஸில் வைத்துவிட்டு, இங்கே எல்.பி.ஜி.க்கென்றே விற்பதில் ஒன்றைப் பாருங்கள். டெஃப்ளான் டேப் சுற்றி ஒப்பேற்றும் இடம் தண்ணீர்க் குழாய் மட்டும்தான்.

பொருந்தினால், ஆரஞ்சு நிற சுரக்ஷா கேஸ் ஹோஸ் போடுங்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றிவிடுங்கள். மாட்டியதும் சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி வைத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், அடுப்பின் வாய்க்கு நேரே நிற்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால் பள்ளமான இடமோ, நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பால்கனியோ ஆகவே ஆகாது. வீட்டுக்குள்ளே ஜன்னலைத் திறந்துவைத்துச் சுடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கேஸ் கசிவு மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடு வாசனைகூடக் காட்டாது. மேலே பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் அதையும் அவிழ்த்துவிடுங்கள். கேஸ் வாசனை அடித்து ஒன்றும் புரியவில்லை என்றால் சிலிண்டரை மூடிவிட்டு 1906க்குப் போன் போடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

கேஸ் எவ்வளவு குடிக்கும்? மாமியார் கேட்கச் சொன்னார். – பெயர் வேண்டாம், விருதுநகர்

பன்னிரண்டு இன்ச் அடுப்பு சுமார் 4 கிலோவாட். முழுத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு 300 கிராம் கேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் காய வைத்து, அரை மணி நேரத்தில் நாலைந்து பீட்சா சுட்டால் அவ்வளவுதான் செலவு. 14.2 கிலோ சிலிண்டர் நாற்பத்தைந்து மணி நேரத்தை ஒட்டி வரும். பதினாறு இன்ச் அடுப்பு இதில் இரண்டு மடங்கு குடிக்கும். ஒரே ஒரு பீட்சாவுக்காக ஏற்றுவதுதான் உண்மையில் வீண். மாமியாருக்கு என் வணக்கம், சரியான கேள்வி.

வார இறுதியில் அபார்ட்மென்டில் சுட்டு விற்கலாமா என்று கேட்ட பெங்களூர் தம்பிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சிலிண்டரில் வியாபாரம் கூடாது. அதற்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர், உணவுத் துறைப் பதிவு எல்லாம் வேண்டும்.

கல்லில் சீஸ் ஒழுகிக் கருகிவிட்டது. ஊற வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அடுத்த நாள் பற்ற வைத்ததும் 'டப்' என்று விரிசல். – தஞ்சாவூர் வாசகர்

ஐயோ. அந்தக் கல் பெரும்பாலும் கார்டியரைட், பீங்கான் சூளையில் தட்டாகப் போடுகிற அதே சரக்கு. சூட்டில் அதிகம் விரியாது என்பதால்தான் அதை எடுக்கிறார்கள். ஆனால் நுண்ணிய ஓட்டைகள் நிறைந்தது, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சோப்பையும் சேர்த்து. திடீரென்று சூடேற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகி வெளியேற வழி தேடும். எங்கள் ஃபவுண்டரியில் புதுப் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். அச்சில் ஈரம் இருந்தால் உருக்கிய இரும்பை ஊற்றாதே. ஊற்றினால் இரும்பு திரும்பி உன் முகத்துக்கே வரும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் ஈரத்தோடு விளையாட மாட்டான்.

கல்லைக் கழுவவே வேண்டாம். முழுத் தீயில் பத்து நிமிடம் விட்டால் ஒட்டியது எல்லாம் சாம்பலாகும், ஆறிய பிறகு பிரஷால் தட்டிவிடுங்கள். உங்கள் மாடலில் கல்லைத் திருப்பிப் போட முடியும் என்றால், கறை பிடித்த பக்கத்தைக் கீழே வையுங்கள். அடுத்த தடவைச் சூட்டில் அதுவே சுத்தமாகிவிடும். கறுத்துப்போன கல் கெட்ட கல் இல்லை. மழையில் நனைந்துவிட்டால் இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, முதல் தடவை சின்னத் தீயில் நிதானமாக ஏற்றுங்கள்.

எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். தீ நிற்கவே மாட்டேன் என்கிறது. – உடுமலை வாசகர்

தெரியும் ஐயா, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பாலக்காட்டுக் கணவாய்தானே. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பீட்சா அடுப்புத் தீ எம்மாத்திரம்! காற்று வாய்க்குள் நேரே அடித்தால் தீ அணையும். முதுகுப் பக்கம் அடித்தால் தீ நாக்கு வாய் வழியாக உங்கள் கையைத் தேடி வரும். பக்கவாட்டில் அடிக்கும்படி அடுப்பைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரை மறைப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டராவது தள்ளியே இருக்கட்டும். அட்டை, தார்ப்பாய் எதையும் சாத்த வேண்டாம்.

தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் வசதி சில அடுப்புகளில் உண்டு, சிலவற்றில் கிடையாது. அணைந்துவிட்டது என்று தெரிந்ததும் திருகை மூடி, முழுசாக ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பற்ற வையுங்கள். உடனே பற்ற வைத்தவர்களின் புருவத்தைப் பார்த்தால் தெரியும். நான் ஆனி, ஆடி இரண்டு மாதமும் அடுப்பை மூட்டை கட்டி வைத்துவிடுகிறேன்.

செட்டிநாடு சிக்கன் பீட்சா செய்தேன். கோழி வேகவில்லை, நடுவில் குளம் கட்டிவிட்டது. துளசி போட்டால் நன்றாக இருக்குமா? – காரைக்குடி வாசகி

ஒன்றரை நிமிடத்தில் எந்தக் கோழியும் வேகாது அம்மா. வறுவலாகச் சுருளச் சுருள வதக்கி, ஆற வைத்து, சின்னத் துண்டாக்கி மேலே போடுங்கள். குழம்போடு போட்டீர்கள் என்று நினைக்கிறேன், அந்தக் குளத்தில் பாதி அதுதான். காளானையும் முதலில் வாணலியில் போட்டு அதன் தண்ணீரைக் கக்க வைத்துவிடுங்கள். வெங்காயம் காகிதம் மாதிரி மெலிசாக.

மீதிக் குளம் சீஸும் தக்காளியும். தண்ணீரில் மிதக்கும் உருண்டை மொசரெல்லா சீஸ் வாங்கினால், கிள்ளிப் போட்டு வடிகட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வடிய விடுங்கள். சாதாரணக் கட்டி மொசரெல்லா நமக்கு இன்னும் சௌகரியம். பன்னிரண்டு இன்ச் பீட்சாவுக்கு சீஸ் 80 கிராம், சாஸ் 70 கிராம் போதும். குறைவாகத் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். நாட்டுத் தக்காளி என்றால் வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்துவிட்டு, கையால் நசுக்கி, உப்புப் போட்டு வடிய வையுங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. சாஸில் போடலாம், மாவில்தான் கூடாது. மிக்ஸியில் அடிக்காதீர்கள், ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிடும்.

துளசி வேண்டாம், கஷாய வாசனை வரும். இத்தாலியர்கள் பீட்சாவில் போடும் பேசில் இலைக்கு நம் ஊரிலேயே சொந்தக்காரன் இருக்கிறான். திருநீற்றுப்பச்சை அதே இனம்தான். சப்ஜா விதை என்று சர்பத்தில் போடுகிறோமே, அது இந்தச் செடியின் விதை. கடையில் வாங்கிய சப்ஜாவைத் தொட்டியில் தூவினேன், முளைத்து வந்துவிட்டது. இத்தாலிய இலையைவிட வாசனை காட்டமாக இருக்கும். அதனால் நாலு இலை மட்டும், பீட்சா வெளியே வந்த பிறகு.

விறகு அடுப்பில் சுட்டால்தானே உண்மையான பீட்சா? கேஸில் புகை மணம் எங்கே? – புதுச்சேரி வாசகர்

நேப்பிள்ஸில் 1984இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. மாவு உருண்டை எத்தனை கிராம், ஓரம் எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ அந்த ஊர்ப் பீட்சாக்காரர்களின் கைத்திறனைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கைத்திறனில் விறகு அடுப்பில் சுடுவதும் சேர்த்திதான். ஆனாலும் என் அபிப்பிராயம் இது: 60, 90 விநாடியில் வெந்து வெளியே வருவதில் எவ்வளவு புகை ஏறிவிடும்? நீங்கள் புகை மணம் என்று நினைப்பது ஓரம் கருகிய மணம். அதை கேஸும் தரும். விறகு அடுப்பின் அழகு வேறு, மறுக்கவில்லை. விறகு கிடைத்தால், பொறுமையும் இருந்தால், அதிலேயே செய்யுங்கள்.

பீட்சா கல்லில் தோசை ஊற்றலாமா? – நெல்லை வாசகர்

கல் எண்ணெயைக் குடித்து ஊரையே புகைய வைக்கும். வீட்டில் தோசைக்கல் இல்லையா என்ன?

எல்லாம் முடிந்து அணைத்த பிறகும் அடுப்பு ஒரு மணி நேரம் சூடாகவே இருக்கிறது. அதை ஏதாவது செய்யலாமா? – கோத்தகிரி வாசகி

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என் வீட்டம்மா. ஒரு வருடம் பீட்சா பக்கமே வரமாட்டேன் என்று இருந்தவர். ஒரு நாள் நான் அணைத்துவிட்டுக் கீழே போனதும், இரும்பு வாணலியில் முழுக் கத்தரிக்காயை எண்ணெய் தடவி உள்ளே தள்ளியிருக்கிறார். கல் அப்போது 250 டிகிரி இருந்திருக்கும். அரை மணியில் தோல் சுருங்கிக் குழைந்துவிட்டது. அடுத்த நாள் காலை இட்லிக்கு கொத்சு. அதிலிருந்து ஞாயிறு இரவு கடைசிப் பீட்சா வெளியே வந்ததும் அடுப்பு அவர் வசம். முழுப் பூண்டு ஒரு நாள், 150க்கு இறங்கிய பிறகு நிலக்கடலை ஒரு நாள். இரும்பு வாணலியோ தட்டோ வைத்து அதில்தான் வைக்க வேண்டும், கல்லில் நேரே எண்ணெய் படக் கூடாது. வாயை எதையும் வைத்து மூடாதீர்கள்.

போன வாரம் அவர் என் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் தோசைக்கல்லை நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். 210 காட்டியது. தண்ணீர் தெளித்தார். 'சொய்' என்றது. "இதுக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.